டெஸ்டர் அண்ணனும் எங்கள் வீட்டு ஆம்ப்ளியும்

எண்பதுகளில் மலேசியாவில் கோலசிலாங்கூரிலிருந்து சுங்கை பஞ்சாங் வரைக்கும் கரண்டு ஒழுங்காக ஓடியதென்றால், அது டெஸ்டர் அண்ணன் மேலிருந்த பயத்தில்தான். எங்கள் தோட்டத்து ஒயர்மேன். கல்யாண வீட்டிலும் சட்டைப் பையில் கரண்டு பார்க்கும் டெஸ்டர் செருகியிருக்கும். சொந்தப் பெயர் அவர் பெண்டாட்டிக்காவது தெரியுமா என்பது சந்தேகம்.

அக்காவுக்குப் பரிசம் போடும் நாள். மாப்பிள்ளை வீட்டார் ஜெராமிலிருந்து பதினொரு மணிக்கு வருகிறார்கள். பாட்டுப் போட நான் புதிதாக வாங்கிய ஆம்ப்ளிப் பெட்டியைப் பற்றி அப்பா அவர்களிடம் ஏகத்துக்கும் அளந்துவிட்டிருந்தார். ஒன்பது மணிக்குப் போட்டுப் பார்த்தால், பாட்டை அமுக்கிக்கொண்டு 'உம்ம்ம்' என்று ஒரே இரைச்சல்.

"மானத்த வாங்கிட்டியேடா" என்றார் அப்பா.

டெஸ்டர் அண்ணனைக் கூட்டி வந்தேன்.

"பெட்டி நல்ல பெட்டி. நீதான் சரியில்ல. கரண்டு ஒயரையும் கேசட் ஒயரையும் சேத்துக் கட்டுனா எப்படி லா?"

பிரித்துப் போட்டார். பாதி குறைந்தது. ஒயர் முனைகளை அழிரப்பரால் தேய்த்தார். இன்னும் கொஞ்சம் குறைந்தது. மிச்சம் போக மறுத்தது. உடனே எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிளக்கைக் கழற்றி என்னவோ செய்தார். மாட்டினார். இரைச்சல் போன இடம் தெரியவில்லை.

"இன்னிக்கு இந்தப் பெட்டிய என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது."

சொன்னவர், ரப்பர் சிலிப்பரோடு வீட்டுக்குள் வந்து ஆம்ப்ளிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வெற்றிலை பாக்குத் தட்டு இருக்கும் கூடத்தில் சிலிப்பர்! அம்மா பல்லைக் கடித்தார். சவுண்டு கூட்ட வந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் கையை டெஸ்டர் அண்ணன் பட்டென்று தட்டிவிட, அந்த மனிதர் முகம் கறுத்தது. சம்பந்தமே முறிந்துவிடும் என்று அப்பா என்னைக் கிள்ளினார்.

எப்படியோ தட்டு மாற்றினார்கள். சாப்பாடு ஆரம்பித்தது. ஆட்டுக்கறி வாசம் பிடித்து அடுத்த தோட்டத்திலிருந்தே நடந்து வருகிற டெஸ்டர் அண்ணன், எழுந்திருக்கவே இல்லை.

"பசிக்கல லா."

எல்லோரும் போன பிறகு அவரே பிளக்கைப் பிடுங்கினார். "கறி மிச்சம் இருக்கா?" என்றார். ரசம்தான் இருந்தது.

பிளக்கைத் திறந்து பார்த்தேன். ஷாக் அடிக்காமல் காக்கிற எர்த்து ஒயரை வெட்டி, டேப் சுற்றியிருந்தார்.

"என்னண்ணே இது?"

"இரைச்சல் போக வேற வழி தெரியல. பெட்டியத் தொட்டா ஷாக் அடிச்சாலும் அடிக்கும். வீடு நெறைய புள்ளைங்க, அதான் ரப்பர் சிலிப்பரோட உக்காந்துட்டேன். செஞ்சது தப்புதான். நீ எப்பவும் செய்யாத" என்று சொல்லிக்கொண்டே ஒயரைத் திரும்ப மாட்டினார்.

அம்மா அடுப்பை மூட்டினார். அண்ணனுக்கென்றே ஒரு கோழி அடித்தோம். அவர் சாப்பிடும்வரை அப்பா பக்கத்திலிருந்து விசிறினார். எனக்கு அந்த மனிதரைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கூச்சத்தில் விட்டுவிட்டேன். கட்டிப் பிடித்திருக்கலாம்.