கம்பெனியை விரட்டியவர்

"அத்தா, என் ஆய்வேட்டை என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

ஹனீன் கத்திய கத்தலில் ஷஹாபுதீன் கையிலிருந்த டீயில் பாதி லுங்கியில் கொட்டியது. ஓடிப்போய்த் திரையைப் பார்த்தார். புதுச்சேரி ஆலைத் தொழிலாளர் பாடல்களைப் பற்றி மகள் ஒரு வருடமாகத் தட்டிய தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக எறும்பு மொய்த்த மாதிரி கிடந்தது.

"ஒண்ணும் ஆகலம்மா. பழைய புரோகிராமத் தூக்கிட்டுப் புதுசு போட்டிருக்கேன். புது இடமில்லையா, கூச்சப்படுது."

"யாரு, கம்ப்யூட்டரா?"

முந்தின நாள்தான் அந்தப் புரட்சி நடந்தது. தட்டாஞ்சாவடி தொழிற்சாலை ஸ்டோரில் அவரோடு வேலை பார்க்கும் முருகையன், சாப்பாட்டு நேரத்தில் ஓதிக்கொண்டே இருப்பார்: "பாய், உலகமே ஒரே கம்பெனிக்காரன் புரோகிராம்ல மாட்டிக்கிட்டு முழிக்குது. நீ என்ன தட்டுறன்னு அவன் அங்கேர்ந்து பாக்கறான். மாத்து இருக்கு. யாரு வேணா எடுத்துக்கலாம், யாரு வேணா திருத்திக்கலாம். நமக்குத்தான் தைரியமில்ல."

தைரியமில்லை என்றால் ஷஹாபுதீனுக்கு ஆகாது. அதைவிட, தன் மகள் எழுதுவதை எவனோ ஒருவன் எட்டிப் பார்க்கிறான் என்பது அவருக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. முருகையன் கொடுத்த பென் டிரைவைச் சொருகி, திரை கேட்ட கேள்விக்கெல்லாம் 'ஆம்', 'ஆம்' என்று அழுத்தி, மூலக்குளம் வீட்டிலிருந்து கம்பெனியை அடியோடு விரட்டினார். மகளின் கோப்புகளை மட்டும் முதலிலேயே தனியாக எடுத்து வைத்திருந்தார். அந்தப் புத்திசாலித்தனத்துக்காகத் தன்னைத் தானே பாராட்டியும் கொண்டார்.

"இன்னிக்கு நாலு மணிக்குள்ள லாஸ்பேட்டை காலேஜ்ல கொண்டுபோய் வைக்கணும் அத்தா. வைக்கலன்னா எனக்கு இந்த வருஷம் போச்சு."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி அக்தர் பேகம் கரண்டியோடு வந்தாள். "மிக்ஸியப் பிரிச்சாரு, அம்மிக்கு வந்தோம். ஃபேனப் பிரிச்சாரு, விசிறிக்கு வந்தோம். இப்ப புள்ள படிப்பப் பிரிச்சிருக்காரு."

"நீ சும்மா இரு. இது ஃபான்ட் பிரச்சனை."

போனில் தேடி, பெயர் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்த ஃபான்டை இறக்கிப் போட்டார். தமிழ் வந்தது. ஆனால் கொம்பெல்லாம் ஒரு பக்கம், காலெல்லாம் ஒரு பக்கம். 'தொழிலாளர்' என்ற சொல், சொத்துப் பிரிவினை முடிந்த குடும்பம் மாதிரி வரி நெடுக ஆளுக்கொரு மூலையில் நின்றது.

அதைச் சரிசெய்ய, எழுத்தை மாற்றித் தரும் இணையதளம் ஒன்றில் ஆய்வேடு மொத்தத்தையும் கொட்டி அள்ளினார். எழுத்து சரியானது. அடிக்குறிப்புகள்தான் அடியிலிருந்து கிளம்பிப் பாட்டுகளுக்குள் குடியேறிவிட்டன. ஒரு தாலாட்டில், குழந்தையைக் கண்ணே என்று கூப்பிட்ட தாய், அதே மூச்சில் 'மேலது, பக்கம் நாற்பது' என்றாள்.

"அத்தா, போதும். தொடாதீங்க."

"பிரிண்ட் எடுத்தா சரியாயிடும்மா."

எப்படிச் சரியாகும் என்று அவருக்கே தெரியாது. பிரிண்டரோ இந்த வீட்டில் யாரையும் தெரியாதது போல் உட்கார்ந்திருந்தது. ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்து, புரியாத கட்டளைகளை வரி வரியாகத் தட்டினார். சட்டென்று அது விழித்துக்கொண்டது. தாளுக்கு ஒரு வரி, அந்த வரி நிறையக் கேள்விக்குறி என்று துப்ப ஆரம்பித்தது. நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் இன்னும் வேகமாகத் துப்பியது. ஒயரைப் பிடுங்கியபோது வீட்டில் வெள்ளைத்தாள் மிச்சமில்லை.

"காலேஜ் பக்கத்து ஜெராக்ஸ் கடையில எடுக்கலாமேம்மா?"

"அங்க இந்த ஃபான்ட் கிடையாது அத்தா. போன வாரமே கேட்டேன்." ஹனீன் கேள்விக்குறிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அவர் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண். அவளைத் தடுக்க வெளியிலிருந்து யாரும் வரவில்லை; பெற்றவனே, பென் டிரைவும் கையுமாக வந்திருக்கிறான்.

"செம்மலுக்குப் போன் போடுங்க," என்றாள் அக்தர் பேகம். அந்தக் கம்ப்யூட்டரை முதன்முதலில் வாங்கிவந்து மாட்டிக் கொடுத்தவன் அவன்தான்.

"அவன் திரும்பக் கம்பெனியத்தான் கொண்டாந்து உள்ள விடுவான்."

"விடட்டும். கம்பெனி புள்ளைய பாஸ் பண்ண வைக்கும். நீங்க வைப்பீங்களா?"

ஷஹாபுதீன் போன் போட்டார்.

செம்மல் ஒரு கட்டு வெள்ளைத்தாளோடு வந்தான். தரையைப் பார்த்தான். சிரிக்கவில்லை, அதுதான் பெரிய அவமானமாக இருந்தது. தனியே எடுத்து வைத்த பழைய கோப்பை வாங்கி, தன் பையிலிருந்து எதையெதையோ சொருகி எடுத்தான். ஷஹாபுதீன் அந்தப் பக்கமே பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றார். அக்தர் பேகம் டீ போட்டு முடிப்பதற்குள் பிரிண்டர் சாதுவாகப் பக்கம் பக்கமாகக் கொடுத்தது. கொம்பு கொம்பின் இடத்தில், அடிக்குறிப்பு அடியில்.

ஹனீன் தாள்களை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்கூட்டருக்கு ஓடினாள். வாசலில் திரும்பி, "அத்தா, ஹெல்மெட்ட எடுங்க" என்றாள். அவர் எடுத்துக் கொடுத்தார். பேசிவிட்டாள்.

உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்தார். "தோத்துட்டேன் செம்மலு. கம்பெனிக்காரன் ஜெயிச்சுட்டான். பழைய மாதிரியே போட்டுட்டியா?"

"பழைய மாதிரியேதான் பாய். நான் போட்டிருந்த ஃபான்ட் அழிஞ்சிருந்துச்சு, அதத் திரும்பப் போட்டேன்."

"இத்தன வருஷம் ஒரு தொந்தரவு குடுத்துச்சா?" என்றாள் அக்தர் பேகம். "கம்பெனி சாமான்னா கம்பெனி சாமான்தான்."

செம்மல் டீயை ஊதிக்கொண்டே சொன்னான். "அக்கா, இத்தன வருஷமா இங்க ஓடுனதும் இப்ப முருகையன் அண்ணன் குடுத்த இதே புரோகிராம்தான், கம்பெனி சாமான் இல்லன்னா வாசப்படி ஏறாதன்னு கம்ப்யூட்டர் வாங்குன அன்னிக்கு பாய் ஒத்தக்கால்ல நின்னாரு, அதான் திரையில மேலாகத் தெரியுற படத்த மட்டும் கம்பெனி மாதிரி மாத்தி வச்சேன்."