புயல்மாறனுக்குப் புல்லரித்தவர்கள்

படம் திரைக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்பே அதன் பின்னணி இசையைக் கேட்டு, ரசித்து, குறை கண்டு, தீர்ப்பும் சொல்லி முடித்துவிட்ட ஓர் இனம் நம்மிடையே நடமாடிக்கொண்டிருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் காதில் எதையோ செருகிக்கொண்டு, கண்ணை மூடி, தலையை லேசாகச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். தூங்குகிறார் போலும் என்று நீங்கள் எட்டி ஜன்னலைச் சாத்தப் போகும் நேரத்தில் ஆள்காட்டி விரலை உயர்த்தி, "இருங்க, இருங்க, இப்ப வரும் பாருங்க" என்பார். எது வரும்? உங்களுக்குத் தெரியாது. கருவி இருப்பது அவர் காதில். ஆனாலும் வந்துவிடும். வந்ததற்குச் சாட்சியாகச் சட்டைக் கையை முழங்கை வரை மடித்து நீட்டுவார். அங்கே முடியெல்லாம் சிலிர்த்து எழுந்து நிற்கும்.

இவர்களுக்கென்று சில வசனங்கள் உண்டு. தமக்குப் பிடித்தவர் போட்ட இசை எடுபடவில்லையென்றால், "ஸ்லோ பாய்சன் பாஸ், கேக்கக் கேக்கத்தான் ஏறும்." பிடிக்காதவர் போட்டது நன்றாக அமைந்து தொலைத்தால், "எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே?" எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "படத்தோட பாத்தாதான் புரியும்" என்று சொல்லி, படமே வராத நாளில் உங்கள் வாயை அடைத்துவிடுவார்கள்.

இந்த இனத்தின் தேர்ந்த மாதிரி கில்பர்ட். நமக்கு வேண்டிய பிள்ளை என்பதால் 'அவன்' என்றே சொல்வோம். தமிழும் கன்னடமும் கலந்து ஒலிக்கிற விவேக் நகரில், குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்தெருவில் வீடு. அடுகோடிப் பக்கம் ஓர் அலுவலகத்தில், இன்ஷூரன்ஸ் பணம் கேட்டு வருகிறவர்களின் ஆதாரங்களைச் சரிபார்க்கும் வேலை. கண்ணால் பார்க்காத எதையும் நம்பாதவன் என்று அங்கே அவனுக்குப் பெயர். சரி, இசையில் பயிற்சி உண்டா? இல்லாமலா? சின்ன வயதில் கோயில் பாடகர் குழுவில் சேர்ந்தான். இரண்டாவது ஞாயிறே மாஸ்டர் அவன் தோளில் கை போட்டு, "கில்பர்ட், நீ பாட்டுப் புஸ்தகம் குடுக்கிற வேலையப் பாத்துக்கோ ராஜா" என்று அன்போடு சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவன் முழுநேரக் கேட்பவன்.

இப்போது 'புயல்மாறன்' என்றொரு சாகச நாயகன் படம் இரண்டாம் பாகமாக வரப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாகத்துக்கு இசை போட்டவரை ரசிகர்கள் மூத்தவர் என்பார்கள். இரண்டாம் பாகத்துக்கு அவரை மாற்றி இன்னொருவரைப் போட்டார்கள். அவர் இளையவர். பெயர்களை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் என் வீட்டு ஜன்னல் கண்ணாடி மிஞ்சாது. கில்பர்ட் மூத்தவர் பக்கம். அவனோடு ஒரே பெஞ்சில் படித்த ரிச்சர்ட்ஸ் டவுன் டெரிக், இளையவர் பக்கம்.

இருந்துவிட்டுப் போகட்டுமே, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? கில்பர்ட்டுக்குக் கல்யாணம். பெண் ரூபினி, ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட், நாள் முழுக்க வளையாத முட்டிகளை வளைக்கிறவள். மாப்பிள்ளைத் தோழன் வேறு யார், டெரிக்தான். பீடத்தின் முன்னால் மோதிரத்தை எடுத்துக் கொடுப்பதிலிருந்து, வரவேற்பில் மணமக்கள் மண்டபத்துக்குள் நுழையும்போது என்ன இசை ஒலிக்க வேண்டும் என்பது வரை எல்லாம் அவன் பொறுப்பு. அந்த நுழைவு இசையில்தான் தீப்பிடித்தது.

டீசர் வந்த வாரம், ஞாயிறு பூசை முடிந்து இருவரும் ஓட்டலில் நின்றபடியே இட்லி வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சக்கத்தா இருக்கு மச்சா, செம சூப்பர். அந்த ஒத்த டிரம்முல ஹீரோவோட தனிமை மொத்தமும் இருக்குடா" என்றான் டெரிக்.

"அது டிரம்மா? மாடி வீட்டுல பீரோவ நகத்துறாங்க. மூத்தவர் முதல் பார்ட்ல வயலின்ல ஒரு இழுப்பு இழுத்தாரே, ஹீரோவோட அம்மா செத்த சோகம் பூரா அதுல இருந்துச்சு."

"அம்மா செத்தது இன்டர்வெல்லுக்கு அப்புறம்டா. நீ சொல்ற வயலின் அதுக்கு முன்னாடி."

"அதான் ஜீனியஸ்! சாகறதுக்கு முன்னாடியே அழுவுது பாரு!"

வடை ஆறியது. சாம்பார் ஆறியது. அவர்கள் ஆறவில்லை. "உன் கல்யாண என்ட்ரிக்கு இளையவர் தீம்தான்" என்றான் டெரிக். "மூத்தவர் தீம் இல்லன்னா நான் மண்டபத்துக்குள்ளயே வர மாட்டேன்" என்றான் மணமகன். "அப்ப வேற தோழனப் பாத்துக்கோ" என்று தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு டெரிக் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டான்.

அதற்குப் பிறகு கில்பர்ட் பட்ட பாட்டைச் சொல்லத்தான் வேண்டும். டெரிக் இல்லாமல் பீடத்தின் முன்னால் நிற்பதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் கூடவே கிடந்தவன் டெரிக். இவன் முதன்முதலாக ரூபினியிடம் பேசப் போனபோது தெருமுனையில் செபமாலையோடு காவல் நின்றவனும் அவன்தான். செல்போனை எடுத்து 'சாரிடா' என்று தட்டினான். பார்த்தான். அழித்தான். அழித்த இடத்தில் மூத்தவரின் தீம் இசையை அனுப்பிவைத்தான். ஐந்து நிமிடத்தில் இளையவரின் டீசர் பதிலாக வந்தது. கண் கலங்கியது கில்பர்ட்டுக்கு, ஆனாலும் கேட்டுப் பார்த்து, "மிக்சிங் சரியில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

விஷயம் ரூபினிக்குப் போனது.

"ஏன் கில்பர்ட், கல்யாணம் எனக்குந்தானே? நான் எந்த மியூசிக்குக்கு நடந்து வரணும்னு யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அதான் கேக்கணும்னு இருந்தேன். நீ யார் சைடு?"

இதுவும் வளையாத முட்டி என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. பிறகு டெரிக்கையும் போனில் பிடித்து, இருவருக்கும் சேர்த்து ஒரே பேச்சாகச் சொன்னாள். "வெள்ளிக்கிழமை படம் வருது. கல்யாணம் அதுக்கு அடுத்த வாரம். ரெண்டு பேரும் என்கூட வந்து உக்காந்து ஒழுங்கா கேளுங்க. புதுசு நல்லாருந்தா புதுசு. இல்லன்னா பழசு. அதுக்கு மேல யாராவது வாயத் தொறந்தீங்க, நான் ஆர்மோனியப் பெட்டி வெச்சுக்கிட்டு உள்ள வருவேன்."

வெள்ளிக்கிழமை காலைக் காட்சி. நடுவில் ரூபினி, இந்தப் பக்கம் கில்பர்ட், அந்தப் பக்கம் டெரிக். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கில்பர்ட் காதைச் சுத்தம் செய்துகொண்டு வந்திருந்தான். கடிக்கிற சத்தம் இசையைக் கெடுக்கும் என்று டெரிக் பாப்கார்னைத் தொடவில்லை. இவ்வளவு கவனமாகப் பரீட்சைக்குக்கூட இவர்கள் போனதில்லை.

திரையில் புழுதி கிளம்பியது. புழுதிக்குள் ஒரு பூட்ஸ் கால். அவ்வளவுதான், அரங்கம் எழுந்து நின்றுவிட்டது. விசில், கூச்சல், காகிதம். "சும்மா இருங்கடா, மியூசிக் கேக்கணும்!" என்று கில்பர்ட் முன்வரிசையைப் பார்த்துக் கத்தினான். "ஸ்வல்ப சும்னிர்ரீ!" என்று, கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லி, டெரிக் பின்வரிசையிடம் கன்னடத்தில் கெஞ்சினான். இந்த நேரம் பார்த்துப் புழுதி விலகி, கருநீலப் போர்வை பறக்க, புயல்மாறன் திரும்பிப் பார்த்துவிட்டான். பிறகு நடந்ததற்கு ரூபினி ஒருத்திதான் சாட்சி. கில்பர்ட் நாற்காலி மேல் ஏறி இரண்டு விரலை வாய்க்குள் விட்டு விசிலடித்தான். டெரிக், எங்கிருந்துதான் எடுத்தானோ, கை நிறையக் காகிதத்தை வாரி இறைத்தான். பத்துப் பதினைந்து வில்லன்கள் பறந்து விழுந்து முடிகிற வரை இரண்டு பேரும் அவள் தலைக்கு மேலாகக் கட்டிப் பிடித்துக்கொண்டு அலறினார்கள்.

படம் முடிந்து வெளியே வரும்போதுதான் தாங்கள் விரோதிகள் என்பது இருவருக்கும் ஞாபகம் வந்தது.

"கேட்டல்ல அந்த என்ட்ரிய?" என்றான் டெரிக்.

"கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு, ஒத்துக்கறேன். ஆனா அந்த வயலின் மூத்தவர்கிட்ட இருந்து எடுத்தது."

"வயலினா? முழுக்க டிரம்முடா அது!"

"இங்க பாரு, இன்னும் இறங்கல" என்று கில்பர்ட் சட்டைக் கையை மடித்தான். டெரிக்கும் மடித்தான். இரண்டு கையிலும் முடி நின்றது.

அப்போது தியேட்டர் மேனேஜர் வாசலில் கை கூப்பியபடி, வெளியே வருகிறவர்களிடமெல்லாம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மூவரும் நெருங்கினார்கள்.

"சாரி சார், சாரி மேடம். ஹீரோ என்ட்ரியில ஸ்பீக்கர் மொத்தமா ஆஃப் ஆயிடுச்சு. அந்த ஃபைட் முடியற வரைக்கும் சவுண்டே வரல. ஒருத்தர்கூட கம்ப்ளெயின்ட் பண்ணலயா, அதனால எங்களுக்கே லேட்டாதான் தெரிஞ்சுது."

ரூபினி, மடித்துவிட்ட இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணால் பார்க்காத எதையும் நம்பாத கில்பர்ட் தரையைப் பார்த்தான். டெரிக் போஸ்டரைப் பார்த்தான். வெட்கத்தில் இரண்டு பேருக்கும் காது சிவந்துவிட்டது. இனி இவர்கள் திருந்திவிடுவார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்?

கில்பர்ட் மெல்ல நிமிர்ந்தான்.

"மச்சா, சவுண்டே இல்லாம இந்தளவுக்குப் புல்லரிக்குதுன்னா..."

"சவுண்டோட எப்படிடா இருக்கும்!" என்று டெரிக் முடித்தான்.

தோளில் கை விழுந்தது. "மோதிரத்த நீதானடா எடுத்துக் குடுக்கணும்" என்றான் கில்பர்ட். "பின்ன வேற எவன் குடுப்பான்?" என்றான் டெரிக். மறுகாட்சிக்கு டிக்கெட் இருக்கிறதா என்று பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். ரூபினிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அதற்குள் ஒரு முடிவும் எடுத்துவிட்டாள்.

அடுத்த வாரம், வரவேற்பு. மண்டபக் கதவு திறந்தது. டெரிக் ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்துக் கையை அசைக்க, ரூபினி சொல்லிவைத்திருந்தபடி அவர் எல்லாவற்றையும் அணைத்தார். மணமக்கள் உள்ளே வந்தார்கள். நண்பர் கூட்டம் விசிலடித்த விசிலில் மண்டபம் அதிர்ந்தது. கில்பர்ட் கண்ணை மூடி, ஆள்காட்டி விரலை உயர்த்தி, "இரு ரூபி, இப்ப வரும் பாரு" என்றான். அவன் கையைப் பிடித்திருந்தவளுக்கு அது வந்ததும் தெரிந்தது. பந்தியில் ஒரு பெரியப்பா டெரிக்கைக் கூப்பிட்டு, "தம்பி, பேண்டு பிரமாதம். யாரு செட்டு?" என்று விசாரித்தார். பக்கத்தில் இருந்தவர், "நல்லாதான் இருந்தது, டிரம்பெட்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். மூத்தவர் யாராக இருக்கும், இளையவர் யாராக இருக்கும் என்று நடுவில் ஒரு கணக்குப் போட்டீர்கள்தானே? போட்டதோடு நிற்காமல், "என்ன இருந்தாலும் நம்மாளு மாதிரி வராது" என்று மனசுக்குள் ஒரு பக்கம் சாய்ந்தீர்கள்தானே? பிறக்கவே பிறக்காத புயல்மாறனின் தீம் இந்நேரம் உங்கள் காதில் டிரம்மாகவோ வயலினாகவோ ஓடிக்கொண்டும் இருக்கலாம். சட்டைக் கையைக் கொஞ்சம் மடித்துப் பாருங்கள்.