ஒரு பூச்சிக்கு ஒரு மருந்து

எங்கள் குளிர்ச்சோலை எஸ்டேட்டில் குளிர்கூட நிர்வாகத்துக்குக் கட்டுப்பட்டதுதான். மார்கழி பிறந்ததும் ஆளுக்கொரு கம்பளி கொடுப்பார்கள். காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டில் அந்தக் கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்பது சுற்றறிக்கை. போர்த்தாதவர் நிர்வாகத்தின் அன்பை உதாசீனம் செய்தவராகக் கருதப்படுவார்.

இப்படிப்பட்ட ஒழுங்கான எஸ்டேட்டில், புல்லெல்லாம் உறைபனி பூத்துக் கிடந்த ஒரு தை மாதக் காலையில், பெண்கள் கங்காணி மருதாம்பாள் கம்பளியை உதறிக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றாள். சுற்றி நின்றவர்கள் வாயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அவள் கழுத்தில் வேர்வை வழிந்தது. நலத்துறை அதிகாரி ஜெகதீசன் விளக்கம் கேட்டார். உள்ளுக்குள் கொதிக்கிறது, ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, கொழுந்து எடுக்கிற பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுகிறேன் என்று மருதாம்பாள் சொன்னாள். விளக்கம் திருப்திகரமாக இல்லை என்று அவளுக்கு மெமோ கொடுக்கப்பட்டது. இன்னொரு மெமோ வந்தால் கங்காணி வேலை போய்விடும் என்பதை எல்லோரும் அவளிடம் அன்போடு ஞாபகப்படுத்தினார்கள்.

எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸ் ஐவிக்கு விஷயம் பார்த்தவுடனே புரிந்தது. மாதவிடாய் நின்றுபோகிற வயதில் வருகிற சூடு அது. மருதாம்பாளை ஊட்டிக்கு அழைத்துப் போய் டாக்டர் ரேச்சலிடம் காட்டினாள். டாக்டர் மாத்திரை எழுதுவதற்கு முன் ஒரு கல்யாணத் தரகரைப் போல விசாரித்தார். காலில் ரத்தம் கட்டியிருக்கிறதா, மார்பில் கட்டி வந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது வந்ததா, மாதவிடாய் நின்ற பிறகு எப்போதாவது ரத்தம் பட்டதா, பிரஷர் எவ்வளவு என்றெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் இரண்டு மாத்திரை எழுதினார்.

"முதல் மாத்திரை சூட்டுக்கு. ரெண்டாவது, அந்த முதல் மாத்திரையால கர்ப்பப்பைக்கு ஒண்ணும் ஆகாம இருக்க. ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணைச் சாப்பிடக் கூடாது. யாருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கவும் கூடாது. ரத்தம் பட்டா அன்னைக்கே வந்துரணும். ஒண்ணுமே இல்லைன்னாலும் மூணு மாசத்துல வந்து காட்டணும்" என்றார்.

மாசி பாதியில் மருதாம்பாள் நன்றாகத் தூங்கினாள். பெரட்டில் கம்பளியோடு நின்றாள். இரண்டு மாத்திரையும் தீரத் தீர டிஸ்பென்சரியில் ஐவி வரவழைத்துக் கொடுத்தாள். அத்தோடு கதை முடிந்திருக்கும். ஆனால் மருதாம்பாள் போர்த்தியிருந்த கம்பளி ஜெகதீசன் கண்ணில் பட்டுவிட்டது.

அப்போது மகளிர் தினம் நெருங்கிக்கொண்டிருந்தது. மலையில் மகளிர் தினம் இப்போது பெரிய மோஸ்தர். ஒரு வருஷம் எல்லா எஸ்டேட்டிலும் ஊதாப் புடவை கட்டினார்கள். அடுத்த வருஷம் எல்லா எஸ்டேட்டிலும் ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடினார்கள். இந்த வருஷம் குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்று 'வெல்னெஸ்' என்று பேனர் கட்டிவிட்டது. அதன் அர்த்தம் யாருக்கும் சரியாகத் தெரியாததால் எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஜெகதீசனுக்குப் பொறாமையில் சோறு இறங்கவில்லை. மருதாம்பாளின் கம்பளியைப் பார்த்ததும் அவருக்கு வழி பிறந்தது. அன்று மாலையே 'மகளிர் வெல்னெஸ் மற்றும் வெப்பத் தணிப்புத் திட்டம்' உருவானது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்கள் எல்லோருக்கும் மருதாம்பாள் சாப்பிட்ட அதே மாத்திரை இலவசம்.

கொள்முதல் கமிட்டி கூடியது. கமிட்டியில் எல்லோரும் ஆண்கள். ஐவி சிறப்பு அழைப்பாளர். அதாவது ஒரு நாற்காலி காலியாக இருந்தும் அவளுக்கு இடம் கிடையாது. ஹெட்கிளார்க் பொன்னுத்துரை விலைப்பட்டியலைப் படித்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"சூடு ஒண்ணுதானுங்க. மாத்திரை எதுக்குங்க ரெண்டு?"

"ரெண்டாவது மாத்திரை கர்ப்பப்பைய..." என்று ஐவி தொடங்கினாள்.

ஒருவருக்கு இருமல் வந்தது. ஒருவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். இன்னொருவர் அதை மூடினார். தலைமை வகித்த ஜெகதீசன் மேஜையில் இருந்த தண்ணீரைக் குடித்தார்.

"ஏனுங்க சிஸ்டர், நாலு ஆம்பளைங்க உக்காந்திருக்கற எடம். கொஞ்சம் பொதுவாச் சொல்லுங்க" என்றார்.

"பொதுவாச் சொல்ல முடியாதுங்க சார். அது அங்கதான் இருக்குது."

அவளை டீ வந்துவிட்டதா என்று பார்த்து வர அனுப்பினார்கள். கமிட்டிக்கு வழிகாட்ட எஸ்டேட்டில் ஒரு பழைய விதி இருந்தது. தேயிலைக் கொசுவுக்கு மருந்தடிக்கும்போது ஒரு பூச்சிக்கு ஒரு மருந்துதான். இரண்டு வாங்கினால் ஆடிட்டில் கேள்வி வரும். மேற்படி விதி மேற்படி பெண்களுக்கும் பொருந்தும் என்று ஏகமனதாகத் தீர்மானமானது. இரண்டாவது மாத்திரை உபரிச் செலவினம் என்று அடிக்கப்பட்டது. டீ நன்றாக இருந்தது.

டாக்டர் பார்க்காமல் ஒருத்திக்கும் தன் கையால் கொடுக்க மாட்டேன் என்று ஐவி சொல்லிவிட்டாள். அதனால் மகளிர் தினத்தன்று ஜெகதீசனே மேடையில் நின்று, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி கொடுத்தார். எங்கள் பெண்கள் கும்பிட்டு வாங்கினார்கள். வீட்டுக்குப் போய் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார்கள். கொடுத்ததை வாங்குவது அவர்களுக்கு ஒரு பழக்கம், சாப்பிடுவது வேறு பழக்கம். இதனால்தான் எங்கள் எஸ்டேட் பல திட்டங்களைத் தாண்டியும் உயிரோடிருக்கிறது.

சாப்பிட்டது இரண்டு பேர். ஒருத்தி மருதாம்பாள். இரண்டாவது மாத்திரை இனி டிஸ்பென்சரிக்கு வராது, வெளியிலாவது வாங்கிச் சாப்பிடு அக்கா என்று ஐவி படித்துப் படித்துச் சொன்னாள். ஆபீசே வேண்டாம் என்று சொன்ன பிறகு என்னத்துக்கு என்று மருதாம்பாள் விட்டுவிட்டாள். காட்டப் போக வேண்டிய மூணாவது மாசமும் கொழுந்து சீசனில் கரைந்து போனது. இன்னொருத்தி ஜெகதீசனின் மனைவி வாசுகி. மிஞ்சிய மாத்திரைகளை வீணாக்க மனமில்லாமல் அவர் பங்களாவுக்குக் கொண்டுபோயிருந்தார்.

ஆடிச் சாரல் பிடித்தபோது மருதாம்பாளுக்கு ரத்தம் பட்டது. அவளுக்கு மாதவிடாய் இரண்டு வருஷத்துக்கு முன்பே நின்றுபோயிருந்தது. உடனே ஊட்டிக்குப் போக வேண்டும். லீவுக்கும் ஜீப்புக்கும் ஐவி விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தாள். பொன்னுத்துரை படித்துவிட்டுப் பேப்பரைக் கவிழ்த்து வைத்தார்.

"வயித்து வலின்னு போடுங்க சிஸ்டர். இது மேனேஜர் தொரை மேஜைக்குப் போற பேப்பர்."

வயிற்று வலி என்று எழுதினால் எஸ்டேட்டிலேயே மாத்திரை இருக்கிறதே, ஊட்டிக்கு எதற்கு என்று திரும்பி வந்தது. உண்மையை எழுதினால் உகந்த சொல் இட்டு மீண்டும் சமர்ப்பிக்கவும் என்று திரும்பி வந்தது. இதற்குள் சேதி ஜெகதீசன் காதுக்கு எட்டியது. அவர் அரையாண்டு அறிக்கையில், திட்டத்தின் பயனாளி ஒருவருக்கு இளமை திரும்பியதற்கான அறிகுறி தென்பட்டுள்ளது என்று மகிழ்ச்சியுடன் சேர்த்துக்கொண்டார்.

மருதாம்பாள் பயந்துபோயிருந்தாள். "எங்கம்மா இப்படித்தான் ஒண்ணும் சொல்லாம கெடந்து போய்ச் சேந்துச்சு, சிஸ்டர்" என்றாள். அவள் அழவில்லை. அது ஐவியை இன்னும் பயமுறுத்தியது.

மறுநாள் காலையில் பங்களாவிலிருந்து ஜீப் புறப்பட்டது. ஐவி மருதாம்பாளோடு போய் பாதையின் குறுக்கே நின்றாள். உள்ளே வாசுகி சால்வை போர்த்தி, ஒரு காலை சீட்டில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கெண்டைக்கால் வீங்கி மினுமினுத்தது. ஜெகதீசன் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டார். அதற்கு விண்ணப்பம் தேவைப்படவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரேச்சல் வாசுகியிடம் முதலில் கேட்டது, முன்பு காலில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று.

"ரெண்டாவது பிரசவத்துல கட்டுச்சுங்க டாக்டர். ஒரு மாசம் ஊசி போட்டாங்க."

ஜெகதீசன் திரும்பிப் பார்த்தார். "மாத்திரை கொடுக்கறப்பவே சொல்லியிருக்கலாமே வாசுகி."

"நீங்க கேக்கலைங்க" என்றாள் வாசுகி.

காலில் மறுபடியும் ரத்தம் கட்டியிருக்கிறது, அவள் இந்த மாத்திரையைத் தொட்டிருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லி, உடனே வார்டில் சேர்த்தார். பிறகு மருதாம்பாளை ஸ்கேன் செய்து பார்த்தார். கர்ப்பப்பையின் உள்தோல் தடித்திருந்தது. கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு ஜெகதீசன் பக்கம் வந்தார். ரெண்டாவது மாத்திரையை நிறுத்தச் சொன்னது எந்த டாக்டர் என்று கேட்டார்.

"கமிட்டிங்க."

"அது எதைக் காப்பாத்தற மாத்திரைன்னு கமிட்டிக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"எதை?"

அவர் மனைவி வார்டில் கிடந்தாள். பெஞ்சில் மருதாம்பாள் முடிச்சிட்ட முந்தானையைப் பிடித்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெகதீசன் தொண்டையைச் செருமினார். "மேற்படி உறுப்பைங்க" என்றார்.

முடிவு வரும்வரை மருதாம்பாள் சரியாகச் சாப்பிடவில்லை. புற்றுநோய் இல்லை என்று வந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை, ஐவியும் கேட்கவில்லை. முதல் மாத்திரை நிறுத்தப்பட்டது. தடித்த தோல் இறங்க டாக்டர் கொடுத்தது, கமிட்டி உபரி என்று அடித்த அதே இரண்டாவது மாத்திரையை. வாசுகி ஊசியும் மாத்திரையுமாக மெல்ல எழுந்து நடந்தாள்.

கமிட்டி மீண்டும் கூடித் தவறைத் திருத்தியது. இனி டாக்டர் பார்த்த பிறகே மாத்திரை, எழுதியது இரண்டானால் இரண்டும் என்று தீர்மானம். இரண்டாவது மாத்திரை எந்தத் தலைப்பில் என்று நெடுநேரம் விவாதித்து, கட்டடப் பராமரிப்பு என்று போட்டார்கள்.

அடுத்த மகளிர் தினத்தில் சிறந்த வெல்னெஸ் எஸ்டேட் கேடயம் எங்களுக்குத்தான். பயனாளி என்ற முறையில் மருதாம்பாளை நாலு வார்த்தை பேச அழைத்தார்கள். அவள் மைக்கைப் பிடித்து, "பொம்பளைங்க எல்லாரும் கேட்டுக்குங்க. மாத்திரை எழுதினா எதுக்குன்னு கேளுங்க. என் கர்ப்பப்பை..." என்றாள். மைக் நின்றுபோனது. மின்தடை என்று அறிக்கையில் இருக்கிறது. மேடையில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கேடயம் கொடுக்க வந்தவர்கள் கைதட்டினார்கள். மருதாம்பாள் மைக் இல்லாமலே மீதியைச் சொல்லி முடித்தாள். ஐவி ஒருத்திதான் முழுசாகக் கேட்டாள்.

ஜெகதீசனைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்கள். சரி. இந்தக் கதையை வீட்டில் யாருக்காவது வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். ஒரு வார்த்தை வரும்போது உங்கள் குரல் தானாக இறங்கும். அப்போது தெரியும், கமிட்டியில் அந்த ஒரு நாற்காலி காலியாக இருந்தது யாருக்காக என்று.