என் கோட்டுப் பையில் நின்ற விமானம்

தான் அழகன் என்று நம்பும் இளைஞன் கையில் கண்ணாடியைக் கொடுக்கக் கூடாது. (அப்போது எனக்குத் தலை நிறைய முடி இருந்தது, நம்புங்கள்.)

விமானப்படையில் இருபத்திரண்டு வருடம் விமானங்களின் அளவுக் கருவிகளையும் கட்டுப்பாட்டு அமைப்புகளையும் பராமரித்தவன் நான். விமானியின் முன்னால் அளவு காட்டும் முட்கள் பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. எங்கள் சாமான் பெட்டியில் ஸ்பானர் போன்ற ஒவ்வொரு சாமானுக்கும் அதனதன் வடிவத்தில் குழி உண்டு. ஒரு குழி காலியாக இருந்தாலும் விமானம் கிளம்பாது. உள்ளே விழுந்துவிட்ட சாமான் கட்டுப்பாட்டுக் கம்பியில் சிக்கினால் ஆள் உயிரோடு திரும்ப மாட்டார்.

அன்று பிரிக்பீல்ட்ஸில் எனக்கு நிச்சயதார்த்தம். காலையில், வெள்ள நிவாரணச் சாமான் ஏற்றப் போகும் விமானத்தில் சின்ன வேலை. கருவிப் பலகைக்குப் பின்னால் எட்டிப் பார்க்க நீட்டி மடக்கும் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி ஒன்று உண்டு. வேலை முடிந்து கோட்டு மாட்டியதும் அதிலேயே என் தலைமுடி அழகையும் பார்த்து ரசித்தேன். பிறகு பெட்டியைத் திறந்தும் பாராமல், ‘எல்லாம் சரி’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெண் வீட்டுக்குப் பறந்தேன்.

பெண் வீட்டில் பாஸ்டர் ஜெபம் செய்கிறார். எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது என் போன் அடித்தது. முகாமிலிருந்து என் மேலதிகாரி சார்ஜன் ஹமிட்.

“டேனியல், செர்மின் மானா? கண்ணாடி எங்கே?”

கோட்டுப் பையைத் தொட்டேன். இருந்தது. ‘பெட்டியில்தான் வைத்தேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பிக்கலாம். ஆனால் அங்கே கண்ணாடியைத் தேடி விமானத்தைப் பிரித்து மேய்வார்கள், வெள்ளத்தில் நிற்கும் சனம் காத்திருக்கும். உண்மையைச் சொன்னால் வேலை போகலாம். வேலை போனால் பெண்ணும் போகலாம்.

“எங்கிட்டதான் இருக்கு, சார்ஜன்!”

பாஸ்டர் உட்பட எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள்.

“என்னா தம்பி இருக்கு?” என்றார் மாமனாராக வேண்டியவர். ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர். கண்ணாடியை நீட்டி விஷயத்தைச் சொன்னேன்.

“லைன்ல சாமான் கிடந்தா ரயிலே விடமாட்டோம், இது பிளேன் லா! போய்க் குடுத்துட்டு வாங்க. சோறு எங்கயும் போவாது.”

“நானும் வரேன்பா. இவர நம்பி அத குடுக்க முடியாது,” என்றாள் மணப்பெண் மெர்சி. வழி முழுக்கக் கண்ணாடியைப் பட்டுப்புடவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

முகாம் வாசலில் சார்ஜன் என்னைப் பத்து நிமிடம் காய்ச்சி எடுத்தார். பிறகு மெர்சியைப் பார்த்து, “உண்மைய சொன்னான், அதனாலதான் விடுறேன். இவன பாத்துக்கோ,” என்றார் மலாயில். தண்டனை, மூன்று மாதம் ஹேங்கர் என்ற விமானக் கொட்டகை முழுவதற்கும் சாமான் எண்ணுவது. விமானம் கிளம்பியது. ஆறிப்போன பிரியாணிக்கு முன்னால் மோதிரம் மாற்றிக்கொண்டோம். சார்ஜன், மாமனார், மெர்சி என்று அந்த மூன்று பேருக்கும் நான் இன்றுவரை நன்றிக்கடன்பட்டவன்.

அன்று முதல் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் எனக்குப் பாக்கெட் சோதனை உண்டு. போன மாதம் பூச்சோங்கில் எங்கள் மகளுக்கு நிச்சயதார்த்தம். பாஸ்டர் ஜெபம் செய்ய எழுந்ததும் என் மாமனார் கையைத் தூக்கினார்.

“மொதல்ல பாக்கெட்ட காட்டுங்க தம்பி, அப்புறம் ஜெபம்.”

நான் இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டினேன். ஒன்றும் புரியாத சம்பந்தியும், இது எங்கள் வீட்டு வழக்கம் போலிருக்கிறது என்று எண்ணி, பவ்யமாகத் தன் பாக்கெட்டுகளை வெளியே இழுத்தார்.