பெரிய வால்வு எந்தப் பக்கம் திறக்கும்?

இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு வரி தப்பு. அதனால் பதினோரு தெருவுக்கு மூன்று நாள் தண்ணீர் வரவில்லை.

வரி இதுதான்: "நீரேற்று நிலையத்தின் பெரிய வால்வை வலப்பக்கம் திருப்பினால் மூடும், இடப்பக்கம் திருப்பினால் திறக்கும்." உலகத்தில் உள்ள வால்வெல்லாம் அப்படித்தான். இது மட்டும் தலைகீழ். எந்தப் புண்ணியவானோ எந்தக் காலத்திலோ வாங்கி மாட்டியது. வலம் திறக்கும், இடம் மூடும். பம்ப்காரருக்கு அது தெரியும். இருபத்தாறு வருஷமாக அந்தச் சக்கரத்தைத் திருப்புகிறவர் அவர். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் வந்ததில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. வருகிற தண்ணீரை எந்தப் பக்கமிருந்து வருகிறாய் என்று யார் கேட்பார்கள்?

பிறகு அந்த மோகம் வந்தது. எல்லா அலுவலகத்துக்கும் கலைக்களஞ்சியத்தில் ஒரு பக்கம் இருந்தாக வேண்டும் என்று மேலிடத்துக்கு ஆசை. பக்கம் இல்லாத அலுவலகம் பல் இல்லாத வாய் என்று ஏதோ கூட்டத்தில் சொன்னார்களாம். தெருநாய் பிடிக்கும் பிரிவுக்குக்கூடப் பக்கம் வந்தது, நாயின் படத்தோடு. நீரேற்று நிலையத்துக்கும் எங்கோ இருந்த ஒரு தன்னார்வலர் எழுதினார். அவர் நிலையத்தைப் பார்த்ததே இல்லை. ஆகவே பக்கத்தில் பாரபட்சம் துளியும் இல்லை.

பம்ப்காரர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க மூன்று நாள் விடுப்பு எடுத்தார். புதிதாக வந்த பொறியாளர் குழாயைக் கழுவச் சொன்னார். கழுவி முடிந்ததும் கைப்பேசியில் பக்கத்தைப் படித்தபடி வால்வைத் 'திறந்தார்'. அதாவது, இறுக்கி மூடினார். தண்ணீர் இல்லை என்று ஜனம் வந்து நின்றது. "வால்வு முழுசாத் திறந்திருக்கு. உங்க வீட்டுக் குழாயப் பாருங்க" என்றார். பதினோரு தெருவும் வீட்டுக் குழாயைக் கழற்றிப் பார்த்தது.

நாலாம் நாள் பம்ப்காரர் வீங்கிய கன்னத்தோடு வந்து சக்கரத்தை வலப்பக்கம் திருப்பினார். தண்ணீர் வந்தது. மறுநாள் மெமோவும் வந்தது.

மெமோவை முதலில் படித்தவர் அவர் மனைவி. வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறவர். மெஷினை நிறுத்திவிட்டு உரக்கப் படித்தார்.

"'பொதுமக்கள் பார்வையில் உள்ள கலைக்களஞ்சியப் பதிவுக்கு முற்றிலும் முரணாக மேற்படி வால்வைத் தாங்கள் கடந்த இருபத்தாறு ஆண்டுகளாக இயக்கி வந்துள்ளமை தெரியவருகிறது. ஏழு தினங்களுக்குள் விளக்கமளிக்கத் தவறின், தாங்கள் வால்வு இல்லாத பணியிடத்திற்கு மாற்றப்படுவீர்கள். பதிவு திருத்தப்படும் வரை வால்வு பதிவின்படியே இயக்கப்பட வேண்டும்.' ஏங்க, பதிவின்படி இயக்கினா?"

"தண்ணி வராது."

"இயக்கலைன்னா?"

"நான் இருக்க மாட்டேன்."

அன்று முதல் விடியற்காலை ஐந்து மணிக்குப் பம்ப்காரர் யாரும் பார்க்காமல் வால்வைத் திறந்தார். எட்டு மணிக்குப் பொறியாளர் வருவதற்குள் மூடினார். இடையில் வந்த தண்ணீர் விதிமீறிய தண்ணீர். ஜனம் தெரியாமல் குடித்தது.

பக்கத்தைத் திருத்துவதுதான் வழி. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று முகப்பிலேயே போட்டிருந்தது. பம்ப்காரர் நம்பினார்.

'நீரேற்று நிலையம்' என்ற பெயரில் கணக்குத் தொடங்கினார். பத்து நிமிஷத்தில் முடக்கினார்கள். நிறுவனத்தின் பெயரில் கணக்கு கூடாதாம். 'வீங்கினகன்னம்' என்று இன்னொன்று தொடங்கினார். ஏற்றுக்கொண்டார்கள்.

அலுவலகத்தில் வால்வு இயக்கக் கையேடு ஒன்று இருந்தது. பம்ப்காரரே உட்கார்ந்து எழுதியது. அதிலிருந்து ஒரு பத்தியை அப்படியே எடுத்துப் போட்டார். உடனே நீக்கினார்கள். நீக்கியவர் 'நடுநிலைச் சிங்கம்' என்ற பெயரில் உலவும் கலைக்களஞ்சிய நிர்வாகி. காரணமும் எழுதியிருந்தார்: பதிப்புரிமை மீறல்.

"நான் எழுதினத நானே எடுத்தா மீறலா?" என்று பம்ப்காரர் எழுதிக் கேட்டார்.

"எழுதியது நீங்களாக இருக்கலாம். உரிமை அலுவலகத்துக்கு. அலுவலக மின்னஞ்சலில் இருந்து அனுமதி வர வேண்டும்" என்று பதில் வந்தது.

விதி சரியான விதிதான். ஊரான் எழுத்தைத் திருடாதே என்கிறது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பம்ப்காரர் பொறியாளரிடம் போனார்.

"அனுமதி கொடுக்கலாம்" என்றார் பொறியாளர். "ஆனா கையேட்ட எழுதினவர் ஆட்சேபம் இல்லன்னு ஒரு கடிதம் கொடுக்கணும்."

"எழுதினது நான்தான் சார்."

"நல்லதாப் போச்சு. அலைய வேண்டாம். எழுதிக் கொடுங்க."

"யாருக்கு சார்?"

"விண்ணப்பதாரருக்கு."

"விண்ணப்பதாரரும் நான்தான் சார்."

"அப்ப 'ஐயா'ன்னு மரியாதையாத் தொடங்குங்க."

பம்ப்காரர் தனக்குத் தானே கடிதம் எழுதினார். 'ஐயா, தாங்கள் கோரியபடி என் எழுத்தைத் தாங்கள் பயன்படுத்த எனக்கு ஆட்சேபம் இல்லை.' பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் போட்டார். கோப்பு மேலே போனது. கையெழுத்து இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் போலியா என்று சந்தேகம் கிளம்பி, கீழே இறங்கியது.

மூன்று நாள் போயிற்று.

சொந்த வாக்கியத்தில் எழுதினால் யார் அனுமதியும் வேண்டாம் என்று உதவிப் பக்கத்தில் இருந்தது. பம்ப்காரர் எழுதினார்: "வலம் திறக்கும். இடம் மூடும்." இதையும் நீக்கினார்கள். இந்தத் தடவை காரணம் வேறு: நலமுரண்.

நலமுரண் என்றால் பம்ப்காரருக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் கலைக்களஞ்சியத்தின் புதுப் பயனர்களுக்குப் பயிற்சிப் பட்டறை நடந்தது. கணவனும் மனைவியும் போனார்கள். நடுநிலைச் சிங்கம்தான் பயிற்சியாளர். கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். நல்ல மாதிரிதான். இரண்டு பேருக்கும் நாற்காலி இழுத்துப் போட்டார்.

"ஐயா, நீங்க அந்த நிலையத்துல வேலை பாக்குறீங்களா?"

"இருபத்தாறு வருஷமா."

"அதான் பிரச்சினை. உங்களுக்கு அதோட சம்பந்தம் இருக்கு. சம்பந்தம் இருக்குறவங்க எழுதக்கூடாது."

"பின்ன யார் எழுதணும்?"

"சம்பந்தம் இல்லாதவங்க."

"சம்பந்தம் இல்லாதவனுக்கு எந்தப் பக்கம் திறக்கும்னு எப்படிய்யா தெரியும்? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?"

"சட்டி தன்னைப் பத்தித் தானே எழுதக்கூடாது ஐயா. அகப்பைதான் எழுதணும். ஆதாரத்தோட."

"இப்ப இருக்குற வரிக்கு என்ன ஆதாரம்?"

சிங்கம் தட்டிப் பார்த்தார். "பொறியாளர் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டி. போன வாரம் சேத்திருக்காங்க."

"அவருக்கு யார் சொன்னா?"

"அத நாங்க ஆராயக்கூடாது. அது சொந்த ஆராய்ச்சி ஆயிடும்."

"அவர் உங்க பக்கத்தப் படிச்சுட்டுச் சொன்னார்யா!"

"பாருங்க, நம்ம பக்கத்துக்கு எவ்வளவு மதிப்பு!" சிங்கத்துக்கு உண்மையாகவே சந்தோஷம்.

மனைவி முந்தானையை இழுத்துச் செருகினார். "சரி தம்பி. நான் எழுதுறேன். எனக்கு அங்க வேலை இல்ல."

"நீங்க யாருங்கம்மா?"

"இவர் சம்சாரம்."

"நெருங்கிய உறவு. கூடாதும்மா."

"எதிர் வீட்டுக்காரரு எழுதட்டும்."

"அவங்க வீட்டுக்கு அந்தத் தண்ணிதான் வருதா?"

"வரணும். அதுக்குத்தான இந்தப் பாடு."

"அப்ப அவர் பயனாளி. அவருக்கும் நலமுரண் இருக்கு."

"அப்படின்னா இந்த ஊர்ல தண்ணி குடிக்கிற யாரும் எழுதக்கூடாதா?"

"ஆமாம்மா."

"நீ எந்தத் தெரு தம்பி?"

சிங்கம் வாயைத் திறந்தார். மூடினார். மூன்றாம் தெரு. அவர் நேர்மையான ஆள். அந்த இடத்திலேயே கணினியைத் திறந்து, மேற்படி நிலையத்தின் தண்ணீரைத் தாம் நாள்தோறும் குடித்து வருவதாக அறிவிப்புப் போட்டார். இனி அந்தப் பக்கத்தைத் தொடமாட்டேன் என்று விலகிக்கொண்டார். போகிற போக்கில் ஒரு வழியும் சொன்னார். சம்பந்தத்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, பதிவைப் பற்றி விவாதிக்கிற பேச்சுப் பக்கத்தில் கோரிக்கை வைக்கலாம். தூரத்து ஊரில் இருக்கிற நடுநிலையாளர் யாராவது பார்ப்பார். வரிசை எண் நூற்று நாற்பத்து மூன்று.

பம்ப்காரர் எல்லாவற்றையும் சொல்லிக் கோரிக்கை வைத்தார். வேலை, வருஷம், மனைவி, பல் உட்பட.

ஏழாம் நாள் வந்தது. விளக்கமாக ஒரே வரி எழுதிக் கொடுத்தார்: பக்கத்தைத் திருத்த என்னால் முடியவில்லை.

பொறியாளர் படித்தார். யோசித்தார். ஒன்றும் கொடுமைக்காரர் அல்ல. "பக்கத்தத் திருத்த முடியாதுங்குறீங்க. பக்கமும் வால்வும் ஒத்துப் போகணும். அவ்வளவுதானே?"

"ஆமா சார்."

"அப்ப வால்வத் திருத்திடுவோம்."

பம்ப்காரர் அவரையே பார்த்தார். விளையாடவில்லை. கசிகிற குழாயை மாற்ற ஒன்பது வருஷம் கோப்பு நகர்த்திய அலுவலகம் நாலே நாளில் புது வால்வு வாங்கியது. வலம் மூடும், இடம் திறக்கும். கலைக்களஞ்சியத்தில் உள்ளபடி. பெரிய அதிகாரி வந்து சக்கரத்தில் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். 'பதிவுக்கு இசைவாக உள்கட்டமைப்பைச் சீரமைத்த முன்னோடி நிலையம்' என்று பாராட்டுத் தாள் வந்தது. மெமோவைக் கைவிட்டார்கள். தண்ணீர் நேர்மையாக வந்தது.

"முடிஞ்சுதாங்க?" என்று மனைவி கேட்டார்.

"முடிஞ்சுது" என்றார் பம்ப்காரர். புதுத் திசைக்கு ஏற்றபடி தோள்பட்டையும் பழகிக்கொண்டிருந்தது.

மூன்று வாரம் கழித்து, நூற்று நாற்பத்து மூன்றாம் எண்ணின் முறை வந்தது. எங்கோ இருந்த நடுநிலையாளர் ஒருவர் கோரிக்கையைப் படித்தார். தன் சம்பந்தத்தை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன மனிதரை அவர் பார்த்ததே இல்லையாம். பாராட்டி ஒரு நட்சத்திரமும் கொடுத்து, பக்கத்தைத் திருத்தினார்: வலம் திறக்கும். இடம் மூடும்.

மறுநாள் காலை பொறியாளர் கைப்பேசியைப் பிடித்தபடி வால்வு அருகில் நின்றார். வலப்பக்கம் இறுகத் திருப்பியிருந்தது. பதினோரு தெருவிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"பக்கம் மாறிடுச்சே!"

"வால்வும் மாறிடுச்சு சார். நீங்கதானே மாத்துனீங்க."

"அது பக்கத்துல இல்லையே. நீங்க கேட்டுத்தான மாத்திருக்காங்க? கையெழுத்து... இல்ல, பேரு போட்டிருக்கே, வீங்கினகன்னம்னு."

பழைய வால்வையே மாட்டிவிடலாமா என்று பொறியாளர் கேட்டார். அதை இரும்புக்குப் போட்டாயிற்று. பதிவின்படியே இயக்க வேண்டும் என்ற பழைய உத்தரவு மறுபடி அமலுக்கு வந்தது. கோரிக்கையைத் திரும்பப் பெறப் பம்ப்காரர் விண்ணப்பித்தார். வரிசை எண் நூற்று ஐம்பத்தொன்று. வீட்டுக்கு வந்து காலிக் குடத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வால்வு இல்லாத இடத்துக்கே போயிடுறேன்" என்றார்.

மனைவி மெஷினை மூடி வைத்துவிட்டு, அன்று இரவு வேலைக்குத் திரும்பிய கணவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு நிலையம் வரை போய்வந்தார்.

அடுத்த நாள் காலை பார்த்தால் வால்வின் சக்கரத்தில் சிவப்புப் பெயின்ட். இடப்பக்கம் ஒரு அம்பு: 'திற'. வலப்பக்கம் ஒரு அம்பு: 'மூடு'. கீழே கொஞ்சம் பெரிய எழுத்தில்: 'உத்தரவுப்படி'.

பொறியாளர் படித்தார். நிமிர்ந்து நின்றார். யார் உத்தரவு, எந்தத் தேதி, எண் என்ன, எதுவும் கேட்கவில்லை. "இப்படி ஒண்ணு இருக்குன்னு முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்று பம்ப்காரரைக் கடிந்துகொண்டு, தன் கையாலேயே இடப்பக்கம் திருப்பினார். பதினோரு தெருவிலும் தண்ணீர் பீறிட்டது.

பத்திரிகைக்காரர் வந்து அதைச் செய்தி ஆக்கினார். செய்தி ஆதாரம் ஆனது. அரை மணி நேரத்தில் பக்கம் திருந்தியது. நடுநிலைச் சிங்கம் நேரில் வந்து சக்கரத்தைப் படம் எடுத்தார். படம் எடுக்க நலமுரண் தடை இல்லையாம்.

"ஐயா, இந்தச் சிவப்பு எழுத்து யாரோடது? பதிப்புரிமை பாக்கணும்."

"நான் சொல்லக்கூடாதுய்யா. எனக்கு நெருங்கிய உறவு."

சிங்கத்துக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. சக்கரத்தை இன்னொரு தடவை படித்தார். இவ்வளவு தெளிவாக எழுத மேலிடத்தால்தான் முடியும் என்றார். படத்துக்குக் கீழே 'ஆக்கியவர்' என்ற கட்டத்தில் 'உரிய அதிகாரி' என்று நிரப்பினார். ஆதாரம் கேட்டு இன்றுவரை ஒருவரும் அதைத் தொடவில்லை.

அந்த உரிய அதிகாரி, பம்ப்காரரின் மனைவி.