புழுக்கை காட்டிய தீவு

"இது சருகுமான் போட்ட புழுக்கை சார். ரொம்பப் புதுசு," என்றார் வழிகாட்டி, குச்சியால் அதைப் புரட்டிக் காட்டியபடி.

டிப்போக்காரர் புழுக்கையைப் பார்க்கவில்லை. வழிகாட்டியின் முகத்தைப் பார்த்தார்.

"மான் எங்க?"

"இப்பத்தான் போயிருக்கு சார்."

"காலையிலேர்ந்து எல்லாமே இப்பத்தான் போயிருக்கு. உடும்பு போயிருக்கு, குரங்கு போயிருக்கு, ஏதோ காட்டுப்பூனை போயிருக்கு. வந்தது ஏதாவது உண்டா?"

வழிகாட்டி உதட்டில் விரல் வைத்தார். "கொஞ்சம் மெதுவாப் பேசினா வரும் சார்."

"நான் மெதுவாத்தானே பேசறேன்," என்றார் டிப்போக்காரர். மேலே மரத்திலிருந்து ஏதோ ஒன்று படபடவென்று எழுந்து மேட்டுக்கு அந்தப் பக்கம் பறந்து போனது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தபோது கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

டிப்போக்காரர் போன மாதம்தான் பஸ் டிப்போவின் புகார்ப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். பஸ் வரவில்லை, வந்தாலும் நிற்கவில்லை, நின்றாலும் ஏறவிடவில்லை என்று ஊரே அவர் மேசை முன்னால் வந்து கத்தியிருக்கிறது. அவர் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. "இப்பத்தான் போச்சு, அடுத்தது வரும்," என்று சொல்லி அனுப்பிவைப்பார். அதே பதிலை ஒருத்தர் தன்னிடமே சொல்வார் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. மேசைக்குப் பின்னாலேயே எஞ்சின் கழற்றி மாட்டும் பட்டறை. அந்த இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, அவர் ரகசியம் சொன்னாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

அவர் மனைவி நூலகத்தில் வேலை பார்த்தவர். 'உஷ்' என்று சொல்லியே சம்பளம் வாங்கியவர். வீட்டில் மட்டும் அந்த 'உஷ்' செல்லுபடியாகவில்லை. என்றைக்கோ ஒரு புத்தகத்தை அடுக்கும்போது அதில் இருவாச்சிப் பறவையின் படத்தைப் பார்த்துவிட்டார். தலைக்கு மேலே இன்னொரு அலகை வைத்துக்கொண்டு நிற்கிற பறவை. இதை ஒருதரம் நேரில் பார்க்கணுங்க என்று கேட்டார். ரிட்டயர் ஆனதும் கூட்டிப்போகிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்தார். அதன் பிறகு அந்த அம்மா அதைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. அதுதான் டிப்போக்காரரை அதிகம் உறுத்தியது. கடலைத் தாண்டி, படகில் இரண்டு தரம் வாந்தியெடுத்து, ஆளில்லாத தீவுக்கு அவளைக் கூட்டிவந்து, கடைசியில் காட்டியது புழுக்கை.

"நீங்க பின்னாடி வாங்க," என்று வழிகாட்டியை ஒதுக்கிவிட்டு டிப்போக்காரர் முன்னால் நடக்க ஆரம்பித்தார். "முன்னாடி போறவன் கண்ணு நல்லா இருக்கணும். உங்களுக்குக் குனிஞ்சு பார்த்தே பழகிப்போச்சு."

"சார், அப்படிப் போகக் கூடாது—"

அப்போது வழிகாட்டியின் இடுப்பில் இருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. அவர் நாலடி தள்ளிப் போய்ப் பேசினார். திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தார். முகத்தில் ஒரு தெளிவு. தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து டிப்போக்காரரிடம் பணிவாக நீட்டினார்.

"தாராளமா முன்னாடி போங்க சார். தொண்டையை நனைச்சுக்குங்க. அந்த டிப்போ விஷயம் ஏதோ சொல்லிட்டிருந்தீங்களே, அப்புறம் என்ன ஆச்சு?"

இப்போதாவது புத்தி வந்ததே என்று நினைத்த டிப்போக்காரர், மேட்டுப் பாதை முழுவதும் நடந்துகொண்டே சொன்னார். பயணி என்றால் யார், பயணியை எப்படி நடத்த வேண்டும், இந்தச் சுற்றுலாக் கம்பெனி எப்படி நடத்துகிறது, விளம்பரத்தில் போட்டிருந்த படங்கள் என்ன, இங்கே இருப்பது என்ன. வழிகாட்டி "ஆமா சார்", "நியாயம்தான் சார்" என்று தலையாட்டிக்கொண்டே வந்தார். மனைவி மட்டும் இரண்டொரு தரம், "ஏங்க, கொஞ்சம்..." என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார்.

மேட்டின் உச்சியில் அவர்கள் பார்த்த ஒரே உயிரினம் அட்டை. அதுவும் டிப்போக்காரரின் கணுக்காலில்தான் இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குக் கூடாரத்துக்கு வந்தபோதுதான் விஷயம் முற்றியது. கீழே ஓடைப் பாதையில் இன்னொரு குழு போயிருந்தது. ஆளுக்கொரு பீரங்கி மாதிரி கேமரா வைத்திருக்கும் கூட்டம். அவர்கள் தட்டில் கை வைக்காமல் ஒருத்தர் கேமராவை ஒருத்தர் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சருகுமான் குடும்பத்தோட வந்துச்சுங்க. உடும்பு காலை மிதிக்காத குறையா ஓடுச்சு. குரங்குக் கூட்டம் நிக்கவே மாட்டேங்குது, வந்துக்கிட்டே இருக்கு," என்றார் பக்கத்தில் இருந்த கேமராக்காரர்.

டிப்போக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. கை கழுவாமலே எழுந்து போய் வழிகாட்டியின் முன்னால் நின்றார்.

"ஒரே தீவு, ஒரே கம்பெனி. அவங்களுக்கு மான், எங்களுக்குப் புழுக்கையா? கேமரா வச்சிருக்கறவன்தான் மனுஷனா? மதியம் ஓடைப் பாதையில நாங்க போறோம். அவங்க மேட்டுக்குப் போகட்டும். முடியாதுன்னு சொல்லுங்க, இங்கேயே உட்கார்ந்துடறேன்."

வழிகாட்டி வாக்கிடாக்கியில் பேசினார். அந்தப் பக்கம் மேலாளர் கொஞ்சமும் யோசிக்கவில்லை போலிருக்கிறது. "மாத்திக்கலாம் சார். கேமராக்காரங்களை முன்னாடியே மேட்டுக்கு அனுப்பி உட்கார வச்சுடறோம். நீங்க ஓடையிலேர்ந்து அப்படியே மேல ஏறி வாங்க," என்று பதில் வந்தது.

ஜெயித்துவிட்ட டிப்போக்காரர் மனைவியின் பக்கம் திரும்பினார். "பார்த்தியா? வாயைத் திறந்து கேக்கணும். கேட்டாத்தான் கிடைக்கும்."

மனைவி சாப்பாட்டுத் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். "ஏங்க, அந்தக் குழுவுல ஒரு இடம் காலியா இருக்காம். நான் அவங்களோட போய் உட்காரட்டுமா? எனக்கு முட்டி வலிக்குது. நடக்க முடியல."

"மேட்டுல ஒண்ணும் இல்லன்னு காலையிலதான் பார்த்தோமே?"

"பரவாயில்லங்க. உட்கார இடம் இருந்தாப் போதும்."

மதியம் ஓடைப் பாதை. தண்ணீர் தெளிவாக ஓடியது. கரையெல்லாம் காலடித் தடம். வழிகாட்டி ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினார். டிப்போக்காரர் ஒரு பாறைமேல் ஏறி நின்று, இந்தத் தடங்களைப் போட்டவர்கள் எல்லாம் எங்கே என்று காட்டைப் பார்த்தே கேட்டார். எதிர்ச்சரிவிலிருந்து அவர் கேள்வி அவருக்கே திரும்பி வந்தது. புதர்கள் சரசரத்தன, கிளைகள் முறிந்தன. எல்லாச் சத்தமும் மேட்டுப் பக்கமாகவே போய்த் தேய்ந்தது. வழிகாட்டி மறுபடி தண்ணீர் கொடுத்தார். இந்தத் தரம் தொண்டைக்கு இதமாக மிட்டாயும் கொடுத்தார். அவர்கள் பேசிக்கொண்டே சரிவில் ஏறினார்கள்.

சாயங்காலம் படகுத்துறையில் மனைவி வந்து சேர்ந்தபோது, அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே டிப்போக்காரருக்குப் புரிந்துவிட்டது.

"பார்த்துட்டியா?"

"ஜோடியா வந்துச்சுங்க. நீங்க போன ஓடைப் பக்கத்துலேர்ந்துதான். எங்க தலைக்கு நேர் மேல வந்து உட்கார்ந்துச்சு. சிறகடிக்கறது ரயில் வர்ற மாதிரி கேட்டுது. படத்துல பார்த்ததைவிட..." கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டிப்போக்காரருக்கு ஒரு கண்ணில் சந்தோஷம். இன்னொரு கண்ணில் அனல். அவள் பார்த்தாளே என்பது நிம்மதிதான். ஆனால் வாக்குக் கொடுத்தது அவர். பக்கத்தில் நின்று 'அதோ பார்' என்று காட்டியிருக்க வேண்டியதும் அவர்தான். யாரோ முன்பின் தெரியாத கேமராக்காரன் காட்டியிருக்கிறான்.

மேலாளர் துறையிலேயே நின்றிருந்தார். டிப்போக்காரர் நேராக அவரிடம் போனார். புகார் கேட்டே காலம் தள்ளியவர் புகார் சொல்ல ஆரம்பித்தால் எப்படி இருக்கும் என்பதை அந்தத் துறை அன்றைக்குக் கண்டது. கரையில் காயப்போட்டிருந்த துணிமேல் உட்கார்ந்திருந்த பறவைகள்கூடப் பறந்துபோயின. மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"நீங்க சொன்னது அத்தனையும் சரி சார். தப்பு எங்க பேர்லதான். நாளைக்கு நீங்க எங்க விருந்தாளியா மறுபடி வரணும். காலையில மேடு, மதியம் ஓடை. குழுவுக்கு முன்னாடி நீங்கதான் நடக்கறீங்க. மனசுல இருக்கறதை இதே மாதிரி வெளிப்படையாச் சொல்லிக்கிட்டே வாங்க. எங்களுக்கு அது ரொம்ப உபயோகமா இருக்கும்."

டிப்போக்காரர் குளிர்ந்துபோனார். அத்தனை வருஷம் புகார்ப் பிரிவில் உட்கார்ந்தும், ஒருத்தரை இப்படி நடத்தவேண்டும் என்று தனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாகக்கூட இருந்தது. மேலாளரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, நிமிர்ந்த நடையோடு வந்து படகில் ஏறினார்.

"நியாயம்னு ஒண்ணு இன்னும் இருக்கு," என்றார் மனைவியிடம். "நாளைக்கு நீ என் பக்கத்துலேயே நடக்கறே. நான் காட்டறேன் உனக்கு இருவாச்சி."

"நாளைக்கும் முட்டி வலிக்கும் போலிருக்குங்க," என்றார் மனைவி, கடலைப் பார்த்துக்கொண்டு.

படகோட்டி கயிற்றை அவிழ்த்தபடி டிப்போக்காரரை மரியாதையோடு ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணே, புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கீங்களா? முன்னாடியெல்லாம் மிருகங்களைக் கேமராக்காரங்க பக்கம் விரட்டிவிட, தகரம் தட்டறதுக்கு ரெண்டு ஆள் வச்சிருந்தாங்க. நீங்க ஒத்தை ஆளா, வெறும் வாயாலேயே மொத்தத் தீவையும் விரட்டிட்டீங்களாமே."