மிச்சப்பேர் மாஸ்டரும் என் ஒன்பது நோயாளிகளும்

யுத்தக் காலத்துக் கொழும்பில் டொக்டர்மார் இரண்டே இடத்தில்தான் நடுங்குவார்கள். ஒன்று செக் பொயின்ற், மற்றது மிச்சப்பேர் மாஸ்டரின் மேசை. செக் பொயின்றில் அடையாள அட்டையைக் காட்டியாவது தப்பலாம்.

மாஸ்டர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வெள்ளவத்தையில், கடலைப் பார்த்த மாடியொன்றில் நடந்த மருத்துவச் சஞ்சிகைக்கு நாங்கள் அனுப்பும் கட்டுரைகளைச் சோதிப்பது அவர் வேலை. புது மருந்து கொடுத்துப் பார்க்காமல், நோயாளிகளைச் சும்மா கவனித்து எழுதும் ஆய்வென்றால் மனுசனுக்குக் கொண்டாட்டம். யாரைச் சேர்த்தாய், எப்படி அளந்தாய், யார் இடையில் நின்றார் என்று கேள்விகள் அச்சடித்த தாளொன்று வைத்திருப்பார். ஒரு பக்கம் வாசிப்பார், பிறகு கடலைப் பார்ப்பார். கரையோர ரயில் போகும், வரும். நித்திரையாகிவிட்டார் என்று நாங்கள் மெல்ல எழும்பும்போது கனவுக்குள்ளிருந்து குரல் வரும்: "சரி... மிச்சப் பேர் எங்க?"

கல்யாண வீட்டிலும் இதே கூத்து. ஒருவர் தன்னுடைய கூந்தல் எண்ணெயைப் புகழ்ந்தார். பூசிய எல்லோருக்கும் முடி வளர்ந்ததாம். "வளராத ஆக்கள் திரும்பி வந்து உங்களிட்டச் சொன்னவையே?" என்று மாஸ்டர் கேட்க, அவர் பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

என் முறையும் வந்தது. கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கிளினிக்கில் நாற்பது நீரிழிவு நோயாளிகளை ஒரு வருடம் கவனித்திருந்தேன். தினமும் நடந்தவர்களுக்குச் சீனி நன்றாகக் குறைந்திருந்தது. கட்டுரை அச்சேறினால்தான் எனக்கு லண்டனில் மேற்படிப்பு. முப்பத்தொரு பேரைப் பற்றி அழகாக எழுதிக் கொடுத்தேன்.

"மற்ற ஒன்பது பேர்?"

"வரேல்லை மாஸ்டர்."

"ஏன் வரேல்லை?"

"எனக்கென்னண்டு தெரியும்?"

"அப்ப போய்க் கேப்பம். எழும்புங்கோ பிள்ளை."

அட கடவுளே! ஒன்பது தமிழ்ப் பெயர்களும் விலாசங்களும் கைப்பையில், அதுவும் அந்த நாட்களில்! சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போக அதுவே போதும். ஜிந்துப்பிட்டிக்குப் போகும் வழியில் ஆமிக்காரப் பெடியன் பையைத் திறந்தான். "மே மொகக்த லிஸ்ட் எக?" என்ன பட்டியல் இது என்கிறான். எனக்கு உயிர் போய்விட்டது. மாஸ்டரோ சிங்களத்தில் ஆறுதலாக விசாரித்தார்: "தம்பி, உங்களைக் கண்டதும் திரும்பிப் போற ஆக்களை எங்கயாவது எழுதுறீங்களா?" அவன் யோசித்தான். "ஏவா லியன்னே நே, மஹத்தயா." அதெல்லாம் எழுதுவதில்லையாம். இருவரும் சேர்ந்து தெருவையே கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவன் பட்டியலைத் திருப்பித் தந்துவிட்டான்.

எட்டுப் பேரைக் கண்டுபிடித்தோம். அவர்கள் நின்றுபோனதற்குக் காரணம் நானேதான். வரச்சொல்லி நான் அனுப்பிய கடிதம் பழுப்பு நிற அரசாங்க உறையில், பெயருக்குப் பக்கத்தில் இலக்கத்தோடு, பொலிஸ் அழைப்பு மாதிரியே போயிருந்தது. "நம்பர் போட்டு காயிதம் வந்தா பயமா இருக்காதுங்களா?" என்றார் ஒரு அம்மா. எட்டுப் பேரும் தினமும் நடந்தவர்கள்தான், ஆனால் பயத்தில் கிளினிக்கையும் மருந்தையும் விட்டதில் எல்லோருக்கும் சீனி ஏறிக் கிடந்தது.

ஒன்பதாவது வீட்டில் மனைவி மட்டும் இருந்தார். கணவரை ஆமிச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய் நாலு மாதம். அவருடைய கிளினிக் அட்டையை எடுத்துவந்து என் கையில் வைத்தார். "வரலன்னு எழுதாதீங்க டொக்டரம்மா. வர முடியாமப் போச்சுன்னு எழுதுங்க."

எழுதினேன். எட்டுப் பேரையும் சேர்த்துப் பார்த்ததில் என் அழகான முடிவு கரைந்துபோனது. அச்சேற எதுவும் மிஞ்சவில்லை; என் பேராசிரியர் சத்தம் போட்டார், லண்டனும் கைவிட்டுப் போனது. வந்த ஆத்திரத்தில் நான் மாஸ்டர் இருந்த பக்கமே போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து வெள்ளை உறையில் ஒரு கடிதம் வந்தது. கையெழுத்து மணிமணியாக இருந்தது. "பிள்ளை, உங்களை இரண்டு மாதமாகக் காணவில்லை. காரணம்: நான். உங்கள் எட்டுப் பேருக்கும் இதைப்போலவே கையால் எழுதிப் போட்டேன். செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு வருகிறார்களாம். நீங்களும் வாங்கோ."

வாசித்துவிட்டு விக்கி விக்கி அழுதேன். செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் முதல் நான்தான் போய் நின்றேன்.